அயர்லாந்தின் பெரிய வீடுகளும் நமது துரை பங்களாக்களும்: ஒரு தோட்டத்தின் வரலாற்றைத் தேடி எழுதும் முறை

நுவரெலியாவின் கிரகரி வாவி, 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்டது. கொழும்புத் தேசிய நூதனசாலையின் முன்றலில் நிற்கும் சிலையும் அவருடையதே. அயர்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள கால்வே மாவட்டத்தில் கூல் பார்க் என்னும் பெருநிலத்துக்கும் அதன் நடுவே நின்ற மாளிகைக்கும் அவர் உரிமையாளராக இருந்தார். அவருக்கு முன் ஆளுநராக இருந்த சேர் ஹேர்கியூலிஸ் ரொபின்சன், வெஸ்ட்மீத் மாவட்டத்து ரோஸ்மீட் மாளிகையில் பிறந்தவர். கொழும்பு 7இல் உள்ள ரோஸ்மீட் பிளேஸ் அந்தப் பெயரையே தாங்கியிருக்கிறது. மலையகத்தில் கோப்பிப் பயிர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் நாட்டை ஆண்ட இவ்விருவரும் அயர்லாந்தின் நிலப்பிரபுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அந்தக் குடும்பங்களின் வீடுகளையும் நிலங்களையும் ஆராயும் முறையைக் கற்றுக்கொண்டால், நமது தோட்டங்களின் வரலாற்றை எழுதுவதற்கான வழியும் அதிலேயே கிடைக்கிறது. அந்த முறையைக் கூல் பார்க்கை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கி, ஒவ்வொரு படியிலும் இங்கே அதற்கு இணையாக எதைத் தேட வேண்டும் என்பதைக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மலையகத் தோட்டங்களில் மேட்டில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவும் சரிவில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களும் இருக்கின்றன. பங்களாவைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். இன்று உல்லாச விடுதிகளாகிவிட்ட பங்களாக்கள் பழைய துரைமாரின் புகைப்படங்களைச் சட்டமிட்டுக் காட்டுகின்றன. லயத்தில் பிறந்து, லயத்திலேயே இறந்தவர்களின் பெயர்களை அப்படி எவரும் மாட்டி வைக்கவில்லை. அயர்லாந்திலும் நெடுங்காலம் இதே நிலைதான் இருந்தது: மாளிகையின் தூண்களையும் ஓவியங்களையும் பற்றிய நூல்கள் குவிந்தன, வாடகை கட்டிய குடியானவர்கள் அடிக்குறிப்புகளில் நின்றார்கள். கடந்த சில பத்தாண்டுகளில்தான் அந்த நிலை மாறியது. பெரிய வீடு ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுபவர், அந்த வீட்டைக் கட்டிய பணம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே சொல்லப்படும் படிமுறைகள் அந்தக் கேள்வியை மையமாகக் கொண்டவை.

முதலில் எல்லையைத் தெளிவாக்குங்கள்

அயர்லாந்தின் எஸ்டேட் ஒன்று மூன்று அடுக்குகளைக் கொண்டது. நடுவில் மாளிகை, அதைச் சுற்றி மதிலால் வளைக்கப்பட்ட பூங்காவும் சொந்தப் பண்ணையும், அதற்கு அப்பால், சில வேளைகளில் பல மாவட்டங்களில் சிதறி, குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்ட நிலங்கள். அந்த நிலங்கள் டவுன்லேண்ட் எனப்படும் சிற்றூர்ப் பிரிவுகளாக அடையாளப்படுத்தப்படுகின்றன. தீவு முழுவதிலும் ஏறத்தாழ 60,000 டவுன்லேண்ட்கள் உள்ளன. பெரும்பாலான ஆவணங்கள் அந்தப் பெயர்களின் கீழேயே ஒழுங்குபடுத்தப்பட்டிருப்பதால், நீங்கள் தேடும் எஸ்டேட்டுக்கு உட்பட்ட டவுன்லேண்ட்களின் பட்டியலைத் தயாரிக்காமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

பட்டியல் கிடைத்ததும் வரைபடத்தைத் திறவுங்கள். 1833க்கும் 1846க்கும் இடையில் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் அயர்லாந்து முழுவதற்குமான வரைபடங்கள் வெளியிடப்பட்டன. பிற்காலத்தில் மைலுக்கு 25 அங்குலம் என்ற பெரிய அளவிலும் வரைபடங்கள் வெளிவந்தன. இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஒரே இடத்தின் இரு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, முதலாவதில் சின்னஞ்சிறு செவ்வகங்களாக நெருங்கி நிற்கும் குடிசைகள் பிந்தியதில் இல்லாமற்போய், அந்த இடம் ஒரே பரந்த மேய்ச்சல் நிலமாகக் காட்சியளிப்பதைக் காணக்கூடும். அந்த இடைவெளியில்தான் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் கிடக்கிறது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் அதில் மாண்டார்கள், ஏறக்குறைய அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஆயினும் வரைபடம் ஐயத்தை மட்டுமே எழுப்பும். குடிசைகள் ஏன் மறைந்தன என்பதை வேறு ஆவணமே சொல்ல வேண்டும்.

நம்மிடத்தில் இதற்கு இணையானவை நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களும் தோட்டத்து ஆப்பீசில் இருக்கும் மலைப் படமும் ஆகும். ஆப்பீஸ் படத்தில் ஒவ்வொரு மலையும், அதாவது தேயிலை பயிரிட்ட ஒவ்வொரு நிலப்பகுதியும், ஓர் எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். கொழுந்து பறிப்பவர்களோ அதே மலைக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். ஓய்வுபெற்ற கங்காணி ஒருவருடன் தோட்டத்தைச் சுற்றி நடந்து, அந்தப் பெயர்களையும் இடிந்த லயங்களின் அத்திவாரங்களையும் பழைய ஸ்டோர் (தோட்டத் தொழிற்சாலை) இருந்த இடத்தையும் கைவிடப்பட்ட சாமிக் கல்லையும் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைப் பிற்போடாதீர்கள். ஆவணங்கள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

உரிமை கைமாறிய வரிசை

அடுத்தபடி, நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை ஆண்டுவாரியாக எழுத வேண்டும். கூல் பார்க்கின் வரிசை தெளிவானது. கிழக்கிந்தியக் கம்பனியில் பணம் சேர்த்து, பின்னர் அதன் தலைவராகவும் விளங்கிய ரொபர்ட் கிரகரி 1768இல் அந்த நிலத்தை வாங்கினார். மாளிகை அதன்பின் சில ஆண்டுகளில் எழுந்தது. இந்தியாவில் ஈட்டிய செல்வம் கால்வேயின் நிலமாக மாறியது என்பதை இந்த ஒரு வரியே காட்டிவிடுகிறது. ஆளுநர் வில்லியம் கிரகரி இவருடைய வழித்தோன்றல். 1847இல் அவருடைய தந்தை பஞ்சகாலக் காய்ச்சலில் இறந்தபோது எஸ்டேட் அவர் கைக்கு வந்தது. குதிரைப் பந்தயத்தால் ஏற்பட்ட கடன் பெருகியதால் 1850களில் நிலத்தின் பெரும்பகுதியை விற்க நேர்ந்தது. 1880இல் அவர் மணந்த ஒகஸ்டா, பின்னாளில் ஐரிஷ் இலக்கிய மறுமலர்ச்சியின் முதன்மை ஆளுமைகளில் ஒருவரானார். கிரகரி 1892இல் இறந்தார். எஞ்சிய நிலமும் வீடும் 1927இல் அரசுக்கு விற்கப்பட்டன. ஒகஸ்டா 1932இல் இறக்கும்வரை அங்கேயே குடியிருந்தார். மாளிகை 1941இல் இடித்து அகற்றப்பட்டது. இன்று அது ஓர் இயற்கைக் காப்பகம். மதில் சூழ்ந்த தோட்டமும், எழுத்தாளர்கள் தம் முதலெழுத்துகளைச் செதுக்கிய செம்பீச் மரமும் எஞ்சியுள்ளன.

இத்தகைய வரிசையை அமைக்க உதவும் ஆவணங்கள் பல. 1708இல் டப்ளினில் தொடங்கிய காணி உறுதிப் பதிவகத்தில் விற்பனை, அடமானம், நீண்டகாலக் குத்தகை, திருமண உடன்படிக்கை ஆகியவற்றின் சுருக்கங்கள் உள்ளன. கடனில் மூழ்கிய எஸ்டேட்களை விற்பதற்காக 1849இல் ஒரு தனி நீதிமன்றம் நிறுவப்பட்டது. ஏலத்துக்கு முன் அது அச்சிட்ட விற்பனைப் பட்டியல்களை நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். வாங்குபவருக்கு நிலத்தின் மதிப்பைக் காட்டுவதற்காக ஒவ்வொரு குடியானவரின் பெயரையும் அவர் கட்டும் வாடகையையும் குத்தகையின் கால அளவையும் வரைபடத்துடன் சேர்த்து அவை அச்சிட்டன. விற்பவரின் நலனுக்காகத் தயாரிக்கப்பட்ட அந்த ஏடு, இன்று குடியானவரின் பேரப்பிள்ளைகளுக்கு மூதாதையரைக் காட்டும் சான்றாகியிருக்கிறது.

ஓர் இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான குடிசன மதிப்பீட்டுப் படிவங்களில் பெரும்பகுதியும் எண்ணற்ற உயில்களும் அழிந்தன. பிற இடங்களில் எஞ்சிய நகல்களைத் திரட்டி, எரிந்ததை இயன்றவரை மீளமைக்கும் இணையவழிக் காப்பகம் ஒன்று சரியாக நூறாண்டு கழித்து, 2022இல் திறக்கப்பட்டது. 1920க்கும் 1923க்கும் இடையில் 300க்கு நெருக்கமான மாளிகைகளும் தீக்கிரையாயின. அவற்றோடு அங்கிருந்த கணக்கேடுகளும் போயின. உங்கள் தேடல் இடையில் தடைப்பட்டால், முதலில் இந்த இரு தீகளையும் நினைவிற்கொள்ளுங்கள்.

மலையகத் தோட்டத்துக்கான வரிசை 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். உரித்து நிரூபிக்கப்படாத காடும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனை நிலமும் அரசுக்கு உரியவை எனக் கொள்ளப்பட்டுக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன; அந்த நிலத்தை முன்பு பயன்படுத்திய கண்டிய கிராமத்தவரின் பெயர்களையும் நீங்கள் எழுதும் வரலாற்றில் சேர்ப்பது நேர்மையாகும். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. தனியாட்களிடமிருந்த தோட்டங்கள் லண்டன் கம்பனிகளிடமும் கொழும்பு ஏஜென்சிகளிடமும் போய்ச் சேர்ந்தன. தம்பதென்ன உள்ளிட்ட தோட்டங்களை 1890இல் வாங்கிய தோமஸ் லிப்டனின் பெற்றோரும் அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தவர்களே. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தத் திருப்பங்களில் உங்கள் தோட்டம் எந்தப் பெயரில், எத்தனை ஏக்கரில், யாரிடம் இருந்தது என்பதை மாவட்டக் காணிப் பதிவகத்தின் உறுதிகளும் ஃபெர்குசன் இலங்கை டிரெக்டரியின் பழைய பதிப்புகளும் காட்டும். டிரெக்டரி ஒவ்வொரு தோட்டத்தின் உரிமையாளரையும் துரையையும் பயிர் நிலப் பரப்பையும் தருகிறது. ஐந்தாண்டு இடைவெளியில் பதிப்புகளை எடுத்து ஒப்பிட்டால் போதும். எல்லாவற்றையும் படிக்க வேண்டிய தேவையில்லை.

தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நோர்வூட் பக்கத்திலுள்ள காசல்ரீ என்ற பெயர் அயர்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஓர் இடத்துக்கும் உரியது. ஆனால் ஒரு பெயர் துரையின் ஊரையும் குறிக்கலாம், மனைவியின் ஊரையும் குறிக்கலாம், வெறும் மரியாதைக்காகவும் வைக்கப்பட்டிருக்கலாம். உறுதியோ கடிதமோ கிடைக்கும்வரை பெயர் ஒரு தடயம் மட்டுமே.

குடியிருந்தவர்களைக் கண்டறிதல்

அயர்லாந்து ஆராய்ச்சியின் உயிர்நாடி கிரிஃபித் மதிப்பீடு என்னும் வரி மதிப்பீட்டுப் பட்டியலாகும். 1847க்கும் 1864க்கும் இடையில் அச்சிடப்பட்ட இது, நிலமோ வீடோ வைத்திருந்த ஒவ்வொரு குடும்பத் தலைவரையும் பெயர் குறிக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் இடப்புறத்தில் வரைபடக் குறியெண். அடுத்து குடியிருப்பவரின் பெயர். அதற்கடுத்து அவருக்கு நேரடியாகக் குத்தகை கொடுத்தவரின் பெயர். பின்னர் வீடு, தொழுவம், நிலம் என்ற விவரம். அதன்பின் ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என்ற மூன்று நிரல்களில் பரப்பளவு. இறுதியில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியே ஆண்டு மதிப்பு. நமது காணி உறுதிகளை வாசித்துப் பழகியவருக்கு இந்த ஏக்கர், றூட், பேர்ச்சஸ் கணக்கு புதியதன்று.

இதை வாசிக்கையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குத்தகை கொடுத்தவராகக் குறிக்கப்படுபவர் எப்போதும் நிலப்பிரபுவாக இருப்பதில்லை, இடைத்தரகராகவும் இருக்கலாம். அந்த நிரலில் உரிமையாளரே குடியிருக்கிறார் என்ற குறிப்பைக் கண்டால், அது பெரும்பாலும் மாளிகையும் சொந்தப் பண்ணையுமே. மனைவி, பிள்ளைகள், வீட்டில் ஒண்டியிருந்தோர் ஆகியோரின் பெயர்கள் இதில் வருவதில்லை. இதைவிடப் பழைய எஸ்டேட் கணக்குகளில் ஏக்கர் என்று வருவது ஐரிஷ் ஏக்கராக இருக்கக்கூடும். அது நாம் அறிந்த ஏக்கரைவிட ஏறத்தாழ 1.62 மடங்கு பெரியது. இதை அறியாமல் இரு ஆவணங்களையும் ஒப்பிட்டால், நிலம் திடீரென வளர்ந்துவிட்டதுபோலத் தோன்றும்.

அச்சிட்ட மதிப்பீட்டோடு நின்றுவிடாதீர்கள். மதிப்பீட்டு அலுவலகத்தின் திருத்தப் புத்தகங்களில், குடியிருப்பவர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை வெட்டிப் புதிய பெயரைப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேறு நிற மையைப் பயன்படுத்தி, ஆண்டையும் குறித்தார்கள். ஒரே வரியில் தந்தையின் பெயர் கறுப்பில் வெட்டப்பட்டு, விதவையின் பெயர் சிவப்பில் ஏறி, பிறகு மகனின் பெயர் நீலத்தில் வருவதை வாசிக்கும்போது ஒரு குடும்பத்தின் அரை நூற்றாண்டு கண்முன் விரிகிறது. இதன்பின் 1901, 1911ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பீட்டுப் படிவங்களுக்குச் செல்லுங்கள். இவை முழுமையாக எஞ்சியிருக்கின்றன, இலவசமாகவும் கிடைக்கின்றன. வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் பெயர், வயது, சமயம், தொழில், பேசும் மொழி, எழுத்தறிவு ஆகியவற்றோடு, வீட்டின் சுவர் எதனால் ஆனது, முன்புறத்தில் எத்தனை சன்னல்கள் என்பதும் தனிப் படிவத்தில் உண்டு. மாளிகையின் படிவத்தை எடுத்தால் சமையற்காரியும் வண்டியோட்டியும் பணிப்பெண்களும் பெயரோடு நிற்பார்கள். நமது பங்களாக்களின் கோக்கியையும் ஆயாவையும் தோட்டக்காரரையும் இப்படி எந்த அரசப் படிவத்திலும் இலகுவாகக் காண முடியாது. இலங்கையில் 1871 முதல் குடிசன மதிப்பீடு நடந்தாலும், அச்சிட்ட அறிக்கைகளில் தோட்டங்களின் மக்கள் எண்களாகவே நிற்கிறார்கள்.

பெயர்களை நாம் வேறிடத்தில் தேட வேண்டும். முதலாவது செக்ரோல். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, யார் எந்த வேலைக்குப் போனார், முழுப் பெயரா (முழுநாள் கூலி) அரைப் பெயரா (அரைநாள் கூலி) என்று நாள்தோறும் குறிக்கப்பட்ட இந்தப் பேரேடு, திருத்தப் புத்தகங்களுக்கு நமது மறுமொழி. தோட்டம் கைமாறிய போதெல்லாம் பழைய ஏடுகளைக் கழித்துவிட்ட இடங்கள் உண்டு. ஆகவே ஆப்பீசில் இல்லையென்றால் ஸ்டோரின் மேல்மாடியிலும் ஓய்வுபெற்ற கிளாக்கர்மார் வீடுகளிலும் விசாரியுங்கள். துரையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். எந்த ஆண்டுகளுக்கான ஏடுகள் வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும், எதற்காக வேண்டும் என்பதைக் கடிதத்தில் குறிப்பிட்டால் மறுப்பதற்கான காரணங்கள் குறையும். இரண்டாவது, பிறப்பு இறப்புப் பதிவுகள். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ்ப் பிரதிகளைப் பெறலாம். மூன்றாவது, தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். நான்காவது, குடும்பங்களின் பெட்டிகளில் இருக்கும் பழைய கடவுச்சீட்டுகள், குடியுரிமை விண்ணப்பங்கள், அரிசிக் கூப்பன் புத்தகங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், தாம் இங்கேயே பிறந்தவர்கள் என்பதைக் காகிதத்தால் நிரூபிக்க நமது மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அந்தக் கொடுமைதான், எதிர்பாராத விதத்தில், பல குடும்பங்களைக் காகிதங்களைப் பேணி வைக்கச் செய்தது.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, குடியுரிமையற்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகியது. அதன்படி தலைமன்னார் வழியாக அனுப்பப்பட்டவர்களின் உறவினர் இன்று நீலகிரியிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தின் பாதி நினைவு கோத்தகிரியில் இருக்கக்கூடும் என்பதால், தொலைபேசியிலேனும் அவர்களோடு பேசாமல் வரலாறு நிறைவுறாது.

கணக்கேட்டையும் மனுவையும் சேர்த்து வாசித்தல்

நிலப்பிரபுவின் சொந்தக் காகிதங்கள் கிடைத்துவிட்டால் வேலை ஆழமாகிறது. ரொஸ்கொமன் மாவட்டத்தின் ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மஹோன் குடும்பத்திடமிருந்த அந்த எஸ்டேட்டிலிருந்து 1847இல் 1,490 குடியானவர்கள் டப்ளின் நோக்கி நடத்தப்பட்டு, லிவர்பூல் வழியாகக் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். வழியிலும் கரைசேர்ந்த இடத்திலும் பெருந்தொகையானோர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நிலப்பிரபு டெனிஸ் மஹோன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1979இல் அந்த வீட்டை உள்ளூர் வணிகர் ஒருவர் வாங்கியபோது பஞ்சகாலக் கடிதங்களும் கணக்கேடுகளும் குடியானவர்களின் மனுக்களும் உள்ளே கிடந்தன. அவற்றின் பெறுமதியை உணர்ந்து அவர் பேணியதால்தான் 1994இல் அங்கே பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இத்தகைய தொகுதியை வாசிக்கையில் வாடகைக் கணக்கு, நிலப்பிரபுவுக்காக எஸ்டேட்டை நிர்வகித்த முகவரின் கடிதம், குடியானவரின் மனு ஆகிய மூன்றையும் ஒரே மாதத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஆண்டுக்கு இருமுறை, பொதுவாக மே மாதத்திலும் நவம்பரிலும் செலுத்தப்பட்டது. அரை ஆண்டு வாடகையைப் பின்தங்கவிட்டு வைத்திருப்பது வழக்கமாக இருந்ததால், நிலுவை என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டவுடன் குடியானவர் வாடகை கட்டத் தவறினார் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த நிலுவை, வேண்டும்போது வெளியேற்றுவதற்கு நிலப்பிரபுவின் கையில் எப்போதும் இருந்த ஆயுதம்.

மலையகத்தில் இதற்கு ஒப்பானது பெரிய கங்காணியின் முற்பணக் கணக்கு. ஊரிலிருந்து அழைத்துவரும் செலவு கூலியாளின் தலையில் கடனாக ஏற்றப்பட்டு, அந்தக் கடனைக் காட்டும் துண்டோடுதான் அவர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிந்தது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முகவரின் இடத்தில் இங்கே கொழும்பு ஏஜென்சியை வையுங்கள். லண்டனில் இருந்த பங்குதாரருக்கும் தோட்டத்துத் துரைக்கும் நடுவில் நின்று, செலவைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியவர்கள் அவர்களே. லயத்துக் கூரை ஏன் பத்தாண்டுகள் ஒழுகியது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் துரையின் குணத்தில் இல்லை, அந்தக் கடிதங்களில் இருக்கிறது.

வில்லியம் கிரகரியின் வாழ்க்கையையும் இப்படியே நிறுத்துப் பார்க்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர் 1847இல் முன்மொழிந்த ஒரு பிரிவு, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அதைக் கைவிட்டாலன்றிப் பஞ்ச நிவாரணம் பெற முடியாது என்று விதித்தது. பட்டினி கிடந்த ஆயிரமாயிரம் குடும்பங்கள் நிலத்தை இழந்தன, குடிசைகள் இடிக்கப்பட்டன. கிரகரி பிரிவு என்ற பெயர் அயர்லாந்தில் இன்றும் கசப்போடு நினைக்கப்படுகிறது. அதே மனிதர் தம் சொந்தக் குடியானவர்களிடம் கருணையோடு நடந்தார் என்ற சாட்சியமும் உண்டு. அவர் இலங்கையை ஆண்ட இறுதி ஆண்டிலேயே சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. அதற்குத் தப்பி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை நோக்கி நடந்தவர்களில் நமது முன்னோர் பலர் இருந்தார்கள். இந்த உண்மைகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதும் துணிவு வரலாறு எழுதுபவருக்கு வேண்டும். ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

பாடசாலைக் கொப்பிகளில் ஒரு நாட்டின் நினைவு

1937க்கும் 1939க்கும் இடையில் அயர்லாந்து அரசு செய்த ஒரு காரியத்தை நமது ஆசிரியர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளைச் சேர்ந்த சுமார் 50,000 பிள்ளைகளிடம், வீட்டிலும் அயலிலும் உள்ள முதியவர்களைக் கேட்டு, ஊர்க் கதைகளையும் பஞ்ச நினைவுகளையும் நிலப்பிரபுக்கள் பற்றிய செய்திகளையும் மருந்துமுறைகளையும் கொப்பியில் எழுதிவரச் சொன்னார்கள். அந்தக் கொப்பிகள் இன்று இணையத்தில் பக்கம் பக்கமாக வாசிக்கக் கிடைக்கின்றன. பெரிய வீட்டைப் பற்றிய எஸ்டேட் கணக்கு ஒருபுறமும், அதே வீட்டைப் பற்றி ஒரு விவசாயியின் மகள் பாட்டியிடம் கேட்டெழுதியது மறுபுறமும் இருப்பதால்தான் அங்கே வரலாற்றுக்கு இரண்டு கண்களும் இருக்கின்றன.

இதை நாம் அரசின் உத்தரவுக்குக் காத்திராமல் செய்யலாம். ஒரு தோட்டப் பாடசாலையின் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரு தவணைக்குள் தம் லயத்தின் நினைவைத் திரட்டிவிடுவார்கள். கேள்விகளைக் குறிப்பாக அமையுங்கள். பழைய காலம் எப்படி இருந்தது என்று கேட்டால் கஷ்டமாக இருந்தது என்ற ஒரே விடைதான் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எத்தனை பேர் படுத்தீர்கள், அடுப்பு எங்கே இருந்தது, தண்ணீர்ப் பீலி எவ்வளவு தூரம், பிள்ளைக்காம்பராவில் யார் பார்த்துக்கொண்டார், பங்களாவுக்குள் எந்த வாசலால் போனீர்கள், மாரியம்மன் திருவிழாவுக்குத் துரை என்ன கொடுத்தார், காமன் கூத்தில் ரதியாக ஆடியவர் யார், எந்த வேலைநிறுத்தத்தில் எத்தனை நாள் அரிசி இல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்டால் வரலாறு வரும். ஒப்பாரிகளையும் கும்மிப் பாட்டுகளையும் சொன்னபடியே, திருத்தாமல் எழுதச் சொல்லுங்கள். சொன்னவரின் வயது, பிறந்த டிவிசன், பேசிய நாள் ஆகியவை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இருக்க வேண்டும். சாதி, குடும்பத் தகராறு, பாலியல் துன்பம் போன்ற செய்திகள் வெளிப்படுமிடத்தில், சொன்னவரின் சம்மதமின்றி ஒரு வரியும் அச்சேறக் கூடாது.

கற்களையும் படியுங்கள். பிரித்தானியக் காலக் கல்லறை வாசகங்களின் தொகுதி ஒன்றை இலங்கை அரசு 1913இலேயே அச்சிட்டுவிட்டது. டிக்கோயாவின் வோர்லி தேவாலயம் போன்ற இடங்களில் துரைமாரின் கல்லறைகளை நேரிலும் பார்க்கலாம். தோட்டத்து மயானங்களுக்கு அப்படியொரு தொகுதி கிடையாது. கோயில் மண்டபத்தின் உபயக் கல்வெட்டுகளும் மணியில் பொறித்த ஆண்டும் பெரிய கங்காணிமாரின் பெயர்களை அறிவதற்குப் பெரும்பாலும் நம்பத்தக்க சான்றுகள்.

ஒப்பீடு நிற்க வேண்டிய இடம்

அயர்லாந்தின் குடியானவர் வாடகை கட்டி நிலத்தைப் பயிரிட்டவர்; தோட்டத் தொழிலாளி கூலிக்கு உழைத்தவர், குடியிருந்த காம்பராவும் வேலையோடு கட்டுண்டது. இந்த வேறுபாடு முடிவில் மிகப் பெரிதாகிறது. 1879இல் தொடங்கிய நிலப் போராட்டத்துக்குப் பின் 1881இலும் 1903இலும் வந்த சட்டங்களாலும், 1999 வரை இயங்கிய நில ஆணைக்குழுவின் பணியாலும், நிலம் தவணைப் பணத்தில் குடியானவருக்கே சொந்தமாகியது. 1972இலும் 1975இலும் இங்கே நிலம் துரையிடமிருந்தும் கம்பனியிடமிருந்தும் அரசிடம் போனது. தேயிலையை வளர்த்தவர்களுக்குப் போகவில்லை. இரண்டு நாடுகளின் கதையும் ஒன்றே என்று எழுதுபவர் இந்த இடத்தில் தவறிவிடுவார். முறையைக் கடன் வாங்குங்கள், முடிவைக் கடன் வாங்காதீர்கள்.

எழுதத் தொடங்கும்போது ஆண்டு வரிசைப் பட்டியல் ஒன்றும், லயக் குடும்பங்களின் பட்டியல் ஒன்றும், மலைப் பெயர்களைக் கொண்ட வரைபடம் ஒன்றும் உங்கள் முன் இருக்க வேண்டும். பங்களாவின் கட்டட அமைப்புக்கு ஓர் அத்தியாயம் போதும். எந்தத் தகவல் எந்த ஏட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அன்றே குறித்துவிடுங்கள். பணத் தொகைகளை மூலத்தில் உள்ளபடியே தாருங்கள். 1872க்கு முந்திய கணக்குகளில் பவுணும் சிலிங்கும் வருவதால், அவற்றை இன்றைய ரூபாய்க்கு மாற்றிக் காட்டுவது வாசகரைக் குழப்பும்.

வேலை முடிந்ததும் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்திலும் ஒன்றைக் கோயில் நிர்வாகத்திடமும் வையுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி இணையத்தில் வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒன்றை அனுப்புங்கள். செக்ரோல் பக்கங்களைப் புகைப்படம் எடுத்திருந்தால் ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் தோட்டம், டிவிசன், ஆண்டு, பக்க எண் என்ற வரிசையில் விவரம் இருக்கட்டும். உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை எண்களும் பிறந்த திகதிகளும் தெரியும் பக்கங்களைத் தனியாகப் பிரித்து, அவர்களின் அனுமதி கிடைக்கும்வரை பொதுப் பார்வைக்கு விடாதீர்கள்.